மோத்தி தூங்கும் நேரம்

அந்தத் திங்கட்கிழமை மாலை தனசீலன் கதவைத் திறந்தபோது மோத்தி எழுந்து வரவில்லை.

வழக்கமாகப் பூட்டில் சாவி நுழையும் ஓசைக்கே அது கதவைப் பிறாண்டும். இன்று கயிற்றுக் கட்டிலின் அடியில் நாக்கைத் தொங்கவிட்டுக் கிடந்தது. பகல் முழுவதும் தூங்கியிருக்க வேண்டிய நாய், அப்போதுதான் ஓடி நின்றதுபோல் இரைத்தது. அதன் முன்னங்கால்களுக்கு நடுவே கிடந்த தோல் பந்தைத் தொட்டான். எச்சிலில் நனைந்து சூடாக இருந்தது.

தாராவியின் அந்த ஒற்றை அறையில் இருவர் குடியிருந்தார்கள், கட்டில் ஒன்றுதான். தனசீலனுக்குத் தோல் பட்டறையில் பகல் வேலை. ஏசுதாஸுக்கு மில்லில் இரவு ஷிப்ட். இவன் பூட்டிக்கொண்டு போன பிறகு அவன் தன் சாவியால் திறந்து வந்து படுப்பான். அவன் போன பிறகு இவன் வருவான். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். போன வருடம் போர் நடந்தபோது, விளக்கு வெளிச்சம் வெளியே தெரியாதிருக்கச் சன்னலில் ஒட்டிய கறுப்புக் காகிதத்தை, ஏசுதாஸின் பகல் தூக்கத்துக்காகக் கிழிக்காமல் விட்டிருந்தார்கள்.

நாய் இருவருக்கும் பொது. அதன் இதயம் பலவீனம், அளவு மீறினால் ஒருநாள் ஓட்டத்திலேயே விழுந்துவிடும் என்று மாட்டாஸ்பத்திரி டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் காலையில் ஏசுதாஸ் கொஞ்ச நேரம் பந்து எறிவான். பிறகு ஆளும் நாயும் தூங்குவார்கள். மாலையில் தனசீலனின் முறை. நடுவில் ஆட்டமே கூடாது.

தனசீலன் நாயின் விலாவில் உள்ளங்கையை வைத்தான். துடிப்பு தப்பித் தப்பி ஓடியது.

பக்கத்து அறை சேசம்மாள் வாசலில் அடுப்பை விசிறிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஏசுதாஸ் பகல்ல தூங்குதானா, நாயிகூட ஆடுதானா?"

"நல்லாக் கேட்டிய தம்பி! இன்னைக்குப் பூரா டக்கு டக்குன்னு பந்து சொவத்துல அடிக்கி. எம்புள்ளைக்கு ஒரு பொட்டுத் தூக்கமில்ல. கல்யாணம் கட்டுங்கன்னா, ரெண்டு பேருமா நாயத் தத்தெடுத்துட்டு அலையுதிய."

"அவனப் பாத்தா சொல்லுங்கக்கா. இப்பிடி ஆட விட்டா நாய் செத்துரும்."

"நான் எங்க பாத்தேன்? சத்தந்தான் கேக்கு."

மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். மோத்தி தண்ணீரைக்கூட முகர்ந்துவிட்டு விட்டுவிட்டது. கட்டிலில் விரித்த சமுக்காளம் நடுவில் குழிந்து, ஆள் இப்போதுதான் எழுந்து போனதுபோல் வெதுவெதுப்பாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை வரட்டும், சட்டையைப் பிடித்துக் கேட்கிறேன் என்று தனசீலன் கறுவிக்கொண்டான்.

ஞாயிறு விடிந்ததும் வந்தவன் ஏசுதாஸ் இல்லை. அவனோடு மில்லில் வேலை பார்க்கும் சிராஜ்.

"தனசீலன் அண்ணே... ஏசுதாஸ் போயிட்டான்."

"எங்க?"

"மவுத்தாயிட்டாண்ணே. ஷிப்ட் முடிஞ்சு வரையில ரயில் லைனைக் கிராஸ் பண்ணிருக்கான். லோக்கல் அடிச்சிருச்சு. பேர் தெரியாத பாடியா ஆஸ்பத்திரில கெடந்திருக்கு. டிபன் டப்பாவ வச்சு நேத்துதான் அடையாளஞ் சொன்னோம்."

"நேத்து ராத்திரியா அடிச்சுது?"

"திங்கக்கெழம காலையிலண்ணே."

பக்கத்து வாசலில் சேசம்மாளின் கையில் விசிறி நின்றுவிட்டது. "பந்துச் சத்தம் கேக்கையிலயும் பூட்டு வெளியதான தம்பி தொங்குச்சு," என்றாள், யாரிடமோ சொல்வதுபோல்.

அன்று நண்பகலில் அடக்கம். பெட்டியை மூடுமுன் தனசீலன் அந்தப் பந்தை ஏசுதாஸின் காலடியில் வைத்தான். புழங்கின பொருள் ஆளோடு போகட்டும் என்பது தனசீலன் வீட்டார் வழக்கம். இனியாவது நாயைத் தூங்க விடுடே என்று மனதுக்குள் சொல்லி, ஒரு பிடி ஈரச் செம்மண் போட்டான்.

திரும்பி வந்தபோது மோத்தி கட்டிலுக்கடியில் தூங்கிக்கொண்டிருந்தது. அந்த வாரத்தில் முதல் முறையாக. அவன் கண் கலங்கிற்று. ஓசைப்படாமல் கதவைத் தாழிட்டுக் கட்டிலில் சாய்ந்தான். கறுப்புக் காகிதத்தின் கிழிசல் வழியே நூலாக ஒரு வெயில் இறங்கியது. எங்கிருந்தோ பட்டறைச் சுண்ணாம்புத் தொட்டியின் புளித்த நெடி வந்தது. தெருக்குழாயில் குடங்கள் இடிபட்டன. அவற்றுக்கெல்லாம் அடியில், தன் முதுகுக்குக் கீழே, நாயின் மூச்சு சீராக ஏறி இறங்குவதைக் கேட்டபடியே உறங்கிப்போனான்.

விழித்தபோது மூச்சொலி இல்லை.

குழாயடியும் அடங்கியிருந்தது.

டக்.

சுவரில்.

தரையில் நகங்கள் ஓடின. நின்றன. திரும்பின.

டக்.

அவன் எழுந்து உட்கார்ந்தான். மோத்தி முன்னால் நின்றது. வாயில் பந்து. பந்தின் தையல்களில் ஈரச் செம்மண்.

கையை நீட்டினான். அதன் விலாவில் வைத்தான்.

குளிர்ந்திருந்தது. துடிப்பு இல்லை. கையை இன்னும் அழுத்தி வைத்துப் பார்த்தான். அப்போதும் இல்லை.

மோத்தி அவனைப் பார்க்கவில்லை. அவன் தோளுக்குப் பின்னால் பார்த்தது.

கட்டிலின் கயிறு முறுகியது. அவனுக்குப் பின்னால், மெல்ல, ஓர் ஆளின் பாரத்துக்குத் தாழ்ந்தது.

மோத்தி வாலை ஆட்டியது.