நான்கு முறை அடக்கிய மூச்சு

மேசைமேல் கிடந்த கைப்பேசி திடீரென்று அலறியதில், வெர்னா ஹால்வர்சனின் கையிலிருந்த உருளைக்கிழங்கு நழுவித் தரையில் உருண்டது. குனிந்து எடுக்க முடியாது. மூன்று வருடமாக முதுகு அவளைக் குனியவிடுவதில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து செய்தி. முதுகெலும்பு ஸ்கேன் முடிவு தயார்.

டாக்டர் பார்க்கும் முன்பே அறிக்கை நோயாளியின் கைக்கு வந்துவிடும். அமெரிக்காவின் மினசோட்டாவில் இப்போதெல்லாம் அப்படித்தான். டாக்டரோ வெள்ளிக்கிழமை மதியமே கிளம்பிவிட்டார். திங்கட்கிழமைவரை அறிக்கையோடு அவரவர் பாடு.

"என்னவாம்? உள்ள எலும்பு இருக்காமா?" என்றான் கணவன் கர்ட், வாசலில் பூட்ஸை மாட்டிக்கொண்டே. உறைந்த ஏரியில் துளை போட்டு மீன் பிடிக்கப் புறப்பட்டுக்கொண்டிருந்தான்.

"நீ போய் உன் மீனைப் பாரு."

கதவு சாத்திக்கொண்டது. வீட்டில் அவளும், அடுப்பில் வதங்கும் வெங்காய வாசனையும் மட்டும்.

பள்ளிக்கூடச் சமையலறையில் இருபத்திரண்டு வருடம் அண்டா தூக்கியவள் அவள். முதல் டாக்டர் வயசு என்றார். இரண்டாமவர் எடை என்றார். மூன்றாமவர் அவள் முகத்தைக்கூடப் பார்க்காமல், மனசு என்றார். இந்த ஸ்கேனில் ஏதாவது தெரிந்தால் அறுவை சிகிச்சை. தெரியாவிட்டால் ஃபைலையே மூடிவிடுவார்கள்.

அறிக்கையில் பாதி வார்த்தை புரியவில்லை. ஆஸ்பத்திரி நர்ஸுக்குப் போன் போட்டாள்.

"ஜோலீன், எல் நாலு, எல் அஞ்சுன்னு எழுதியிருக்கே, அது என்ன கண்றாவி?"

"இடுப்புல நாலாவது, அஞ்சாவது எலும்பு, வெர்னா. நடுவுல மெத்தை மாதிரி ஒண்ணு இருக்கும். அது கொஞ்சம் பிதுங்கியிருக்கு. நம்ம வயசுல நரைமுடி மாதிரிதான்."

"தேய்மானம்?"

"கதவுக் கீல் தேயுற மாதிரி. எனக்கும் இருக்கு."

"அப்ப இந்த வலி எங்கிருந்து வருது? தோள்பட்டைக்கு நடுவுல உயிரே போகுது!"

ஜோலீன் தொண்டையைச் செருமினாள். "கடைசி பத்தியைப் பாத்தீங்களா? மேல்முதுகை நாலு தடவை படம் எடுத்திருக்காங்க. மூணு தடவை நீங்க மூச்சை அடக்கலையாம். மூச்சு விட்டா படத்துல வரிவரியா கோடு விழுந்து கலங்கிடும். நாலாவது படம் மட்டும் சுத்தமா இருக்கு. அதுல ஒண்ணுமே இல்லை."

"நான் அடக்கினேன்."

"நிறைய பேருக்கு அந்தக் குழாய்க்குள்ள பயத்துல..."

"நாலு தடவையும் அடக்கினேன்! எனக்கு மூச்சு அடக்கக்கூடத் தெரியாதா? பொய் சொல்றேங்குறீங்களா?"

அந்த ஊரில் யாரும் போனில் கத்துவதில்லை. ஜோலீனின் குரல் சிறுத்துவிட்டது. "ஸ்கேன் எடுத்த டரெல் இன்னும் கிளம்பலை. அவரையே கூப்பிடுறேன். லைன்லயே இருங்க."

போனில் பியானோ இசை ஓடியது. வெர்னாவுக்குக் காது சிவந்தது. ஒத்துழைக்காத நோயாளி! தன்னால் முடியும் என்று தனக்கே காட்டிவிட வேண்டும்போல ஒரு வெறி. போனை மேசையில் வைத்தாள். நாற்காலியில் நிமிர்ந்து சாய்ந்தாள். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து நிறுத்தி, அடுப்புக் கடிகாரத்தின் விநாடிகளைப் பார்த்தாள்.

ஐந்து. பத்து. வெங்காயம் அடிப்பிடிக்கும் வாடை வந்தது. நிலவறையில் உறுமிக்கொண்டிருந்த சூடேற்றும் இயந்திரம் நின்று, வீடு முழுக்க, பனி விழுவதுகூடக் கேட்டுவிடும்போல ஓர் அமைதி இறங்கியது. விலா எலும்புகள் அசையவில்லை. வயிறு அசையவில்லை.

பதினைந்து.

நாற்காலியின் சாய்மானப் பலகை கிறீச்சிட்டது.

மெல்ல. மிக மெல்ல.

தோள்பட்டைகளுக்கு நடுவே சட்டை இறுகியது. தளர்ந்தது. மறுபடி இறுகியது. இதயத்துடிப்பு இல்லை, அதைவிட நிதானம். வயிறு நிறையத் தின்றுவிட்டுத் தூங்குகிற ஒன்றின் நிதானம்.

உப்பியது. வற்றியது.

உப்பியது.

மூச்சை விட்டுவிட்டாள். அழுகை வரவில்லை. வந்தது ஆத்திரம். என் முதுகு. என் எலும்பு. மூன்று வருடம். மூன்று டாக்டர்கள். மனசாம்!

இசை நின்றது. கனத்த ஆண்குரல். "வெர்னா? டரெல் பேசுறேன்."

"நான் மூச்சை அடக்கினேனா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

"அடக்கினீங்க. உங்க வயித்துல ஒரு பட்டை கட்டினேனே, அது மூச்சைக் காட்டும். நாலு தடவையும் கோடு நேராத்தான் போச்சு. கேமராவுலயும் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். கல்லு மாதிரி கிடந்தீங்க."

"அப்ப ஏன்யா என்னைப் பொய்க்காரின்னு எழுதினீங்க?"

"எழுதினது நான் இல்லை, படத்தைப் பாத்து அறிக்கை எழுதுற டாக்டருங்க. படம் கலங்கியிருந்தா நோயாளி மூச்சு விட்டாங்கன்னு எழுதுறதுதான் அவங்க வழக்கம். வேற என்னத்தை எழுதுறதுன்னு அவங்களுக்குத் தெரியாது."

"அப்ப படத்துல விழுந்த கோடு யாரோட மூச்சு? எனக்குப் புரியுற மாதிரி சொல்லுங்க!"

மறுமுனையில் ஒரு கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது. டரெல் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மூணு தடவை நீங்க அடக்கினப்பவும் அது பாட்டுக்கு மூச்சு விட்டுக்கிட்டு இருந்துச்சு, வெர்னா. நாலாவது தடவை நான் 'அடக்குங்க'ன்னு சொன்னதும், அதுவும் அடக்கிக்கிச்சு."