இடப்பக்கம் நின்றவள்

பல் துலக்கிய வாயைக்கூடத் துடைக்காமல் நாத்தனார் போக்குவரத்து அலுவலகத்திலிருந்து வந்த கடிதத்தைச் சத்தமாக வாசித்தாள். மனைவி கொடுத்த மனுவின்பேரில் தம்பியின் ஓட்டுநர் உரிமம் ரத்தாகியிருந்தது.

"ஏண்டி! புருஷன் பொழப்புல மண்ணள்ளிப் போட உனக்குக் கை வந்துச்சா?"

"வந்துச்சு அண்ணி. நான்தான் எழுதிக் கொடுத்தேன்."

இருபத்திரண்டு வருடம் பள்ளி வேன் ஓட்டியவன் அவன். நான்கு மாதத்துக்கு முன் வந்த பக்கவாதம் கைகாலை விட்டுவிட்டு, இரண்டு கண்ணிலும் இடப்பாதிப் பார்வையை மட்டும் எடுத்துக்கொண்டு போயிற்று. அங்கே இருட்டாக இருந்தாலாவது நம்பியிருப்பான். ஒன்றுமே குறையாத மாதிரிதான் அவனுக்குத் தோன்றியது. கழுத்தைத் திருப்பித் தேடிப் பழகச் சொன்ன பயிற்சி டீச்சரிடம், "நான் என்ன சின்னப் புள்ளையா?" என்று எழுந்து வந்துவிட்டான்.

"எனக்குக் கண்ணு நல்லாத்தான்க்கா தெரியுது! நான் முடங்கிக் கிடந்தாத்தான் இவளுக்கு நிம்மதி!"

"பதினெட்டுப் புள்ளைங்கங்க... பெத்தவங்க உங்களை நம்பி ஏத்தி விடறாங்க!"

"ஓட்டிக் காட்டுடா தம்பி! இவ வாய் தானா மூடும்!"

அக்காவைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு சாவியைத் திருகினான். ஆஸ்பத்திரியில் கிடந்தபோது குளிப்பாட்டியதும், ஊட்டியதும், வாங்கிக் கட்டிக்கொண்ட வசவும்... நான்கு மாதம் விழுங்கிய ஆத்திரம் அத்தனையும் மனைவிக்குத் தலைக்கேறியது. நேரே போய் வேனின் இடது விளக்குக்கு முன்னால் நின்றுகொண்டாள்.

"எங்கே அவ? வாய் கிழியப் பேசிட்டு ஓடிட்டாளா?"

வண்டி நகர்ந்தது.

"டேய்! நிறுத்துடா பாவி! முன்னாடி நிக்கிறாடா!"

பிரேக் கிறீச்சிட்டது. வேனின் முகப்பு அவள் முழங்காலில் இடித்து நின்றது.

"யாருக்கா? ரோடு காலியாத்தானே இருக்கு?"

அவன் குரலில் துளிப் பொய் இல்லை. அதுதான் அக்காவை உலுக்கியது. அவன் மோவாயைப் பிடித்து இடப்பக்கம் திருப்பினாள். முதலில் ஒரு தோள்... பிறகு கழுத்து... பிறகு முழுசாக அவன் மனைவி.

தடுமாறி இறங்கி வந்தான். "நீ... இங்கேயா நின்னே?"

"நாலு மாசமா இங்கதான் நிக்கிறேன்!"

அவள் தோளில் முகம் புதைத்துக் குழந்தைபோல் அழுதான். நாத்தனார் அவள் கையைப் பற்றிக்கொண்டாள். "என்னை மன்னிச்சிடுடிம்மா..."

"அதை அப்புறம் பாத்துக்கலாம் அண்ணி." அவள் கோபம் இன்னும் இறங்கவில்லை. ஆனாலும் அவனை விலக்கவில்லை. "ஒன்பது மணிக்குப் பயிற்சி. அழுது முடிச்சிட்டுச் சட்டையை மாத்துங்க."