இரண்டு விரல் வீக்கம்

மணிப் படுகை இரண்டு விரல் உயர்ந்திருந்தது.

அடித்தள ஆய்வகத்தின் நடுவில் ஆள் உயரத்துக்கு ஒன்றரை மடங்கு நின்ற கண்ணாடிக் குழாய்க்குள், கடுகளவு ரெசின் மணிகள் எதுவரை இருக்க வேண்டும் என்று வெள்ளிக்கிழமை அவனே கறுப்பு மார்க்கரால் கோடு போட்டிருந்தான். ஞாயிறு மத்தியானம் வந்து பார்த்தால் கோடு இருந்த இடத்தில் இருந்தது, மணிகள்தான் அதைத் தாண்டி மேலே போயிருந்தன. தண்ணீரில் ஊறினால் ரெசின் கொஞ்சம் வீங்கும், பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. ஆகவே ஓர் ஆராய்ச்சியாளன் செய்யக்கூடியதை அவன் செய்தான். பழைய கோட்டை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துவிட்டுப் புதிய உயரத்தில் புதிய கோடு போட்டான். குறிப்பேட்டில் ‘வீக்கம், இயல்பு’ என்று எழுதினான்.

இது நான்காவது கோடு. முந்திய மூன்றையும் துடைத்தது அவன்தான்.

பாத்திரத்தில் ஒட்டாமலும் துணியில் கறை படியாமலும் இருப்பதற்காக மனிதன் கண்டுபிடித்த ரசாயனம் ஒன்று, வெயிலில் கெடாமல், மண்ணில் மக்காமல், கொதிக்க வைத்தாலும் போகாமல் குடிதண்ணீரில் உட்கார்ந்திருந்தது. அது நிரந்தரம். இந்த மணிகளைக் கொண்டு அதை உறிஞ்சி வெளியே எடுக்கும் வேலையில் இருந்தவன் தற்காலிகம். முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளன், முப்பத்தொன்பது வயது, மூன்றாவது ஒப்பந்தம் இந்த மாதக் கடைசியோடு முடிகிறது. மாமியார் இன்னமும் மகளிடம், “மாப்பிள்ளை எப்பதான் படிச்சு முடிப்பாரு?” என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

நாளை முடித்துவிடுவான். நாளை அமைச்சர் வருகிறார். குழாயிலிருந்து வரும் தண்ணீரைப் பேராசிரியர் ஒரு டம்ளர் பிடித்து கேமராக்களுக்கு முன்னால் குடிப்பார். பேராசிரியருக்கு வேதியியல் மறந்து பதினைந்து வருடமாகிறது. மைக் பிடிப்பது மறக்கவில்லை. வெளியே வரும் தண்ணீரில் அந்த ரசாயனத்தை அளக்கும் மீட்டர் பூஜ்யம் காட்டினால் இவனுடைய நிரந்தர வேலைக்கான ஆர்டரில் அங்கேயே கையெழுத்து. அந்தக் குழாயின் அடியில் சிவப்புச் சக்கரம் வைத்த வால்வு ஒன்று உண்டு. திறந்தால் மணிகள் மொத்தமும் காரத் தொட்டிக்குள் இறங்கிக் கரைந்துபோகும். பேராசிரியர் அனுமதியின்றித் தொடக் கூடாது என்று அதன் மேல் அவரே கையெழுத்திட்ட தாள் ஒட்டியிருந்தது.

பம்பு ஒரே சுருதியில் முனகிக்கொண்டிருந்தது. ஈரச் சுவரின் வாடையும் ஸ்பிரிட்டின் காரமும் கலந்த காற்றில், கொஞ்ச நாளாகப் பழைய நாணயத்தை நக்கியதுபோல் ஒரு ருசி நாக்கில் வந்து உட்கார்ந்துகொண்டது. அவன் குனிந்து படுகையின் மேற்பரப்பைப் பார்த்தான். சமமாக இல்லை. அவன் நின்ற பக்கம் மணிகள் குவிந்து, எதிர்ப் பக்கம் சரிந்திருந்தன. தண்ணீர் போகும் வேகம் ஒரு பக்கமாக இருந்தால் அப்படி ஆகும் என்று சொல்லிக்கொண்டே மறுபக்கம் போய் நின்றான்.

மணிகள் மெதுவாக, அவசரமே இல்லாமல், அந்தப் பக்கம் வந்து குவிந்தன.

“தம்பி, பிரஷர் ஏறுது, பார்த்தீங்களா?”

தூக்கிவாரிப்போட்டது. கருவிப் பெட்டியோடு வாசலில் நின்றது பைப் அண்ணன். கட்டடத்துக் குழாய்களையெல்லாம் கட்டி மேய்ப்பவர்.

“ஞாயித்துக்கிழமையும் வர வச்சுட்டீங்க. நாளைக்கு உங்க பெரியவர் குடிச்சிட்டு இருமினா என்னைச் சொல்லக் கூடாது.”

“அவர் தண்ணி குடிச்சே பார்த்ததில்லை அண்ணே. பேசத்தான் பார்த்திருக்கேன்.”

அண்ணன் சிரித்துக்கொண்டே ஏணியில் ஏறினார். மேல்மூடியைக் கழற்றினார். ஸ்பேனர் வழுக்கிக் கட்டைவிரல் கிழிந்தது. “சே” என்று திறந்த குழாய் வாய்மேலேயே கையை உதறினார். ஒரு சொட்டு ரத்தம் குழாய்க்குள் விழுந்தது.

பம்பின் சுருதி மாறியது.

சிவப்பு நூல்போல் இறங்கிய அந்தச் சொட்டை மணிகள் எழுந்து வந்து வாங்கிக்கொண்டதை அவன் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தான். இந்த ரசாயனம் ஏறத்தாழ ஒவ்வொரு மனிதனின் ரத்தத்திலும் இருக்கிறது என்பது அவனுடைய நிதி விண்ணப்பத்தின் முதல் வரி. பயமுறுத்தினால்தான் பணம் வரும் என்பதற்காக எழுதியது. எவ்வளவு சிறிய அளவில் இருந்தாலும் தேடிப் பிடிக்கும் ரெசின் என்பது இரண்டாவது வரி.

“அண்ணே, கையை எடுங்க.”

எடுக்கவில்லை. எடுக்க முடியவில்லை. படுகை மொத்தமும் ஒரு தூணாக எழும்பி முழங்கை வரை கவ்வியிருந்தது. அண்ணன் கத்தினார். வார்த்தை இல்லாத கத்தல். ஏணி ஆடியது. கிழிந்த விரலுக்குள் மணிகள் வரிசையாக நுழைந்தன. தோலுக்கடியில் கொத்துக் கொத்தாகப் புடைத்து ஏறின. மணிக்கட்டு. முழங்கை. தோள். மேலிருந்து ரத்தம் கொட்டியது. குழாய் முழுக்கச் சிவந்தது. அடியில் கண்ணாடி போலத் தெளிந்த தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

அவன் சிவப்புச் சக்கரத்தைப் பிடித்தான். அரைச் சுற்று போதும்.

போனை எடுத்துப் பேராசிரியரைக் கூப்பிட்டான். ஆறு வருடப் பழக்கம் கையை விடவில்லை. ஸ்பீக்கரில் போட்டான்.

“சொல்லு, சுருக்கமா. நாளைக்கான உரை பார்த்துக்கிட்டிருக்கேன்.”

“சார், பைப் அண்ணன் கை குழாய்க்குள்ள மாட்டிக்கிச்சு. சிவப்பு வால்வைத் திறக்கணும்.”

“ரெண்டு வருஷ ரெசின்யா அது.”

“ஆள் செத்துருவார் சார். அவர் கத்துறது கேக்கலையா?”

“உணர்ச்சிவசப்படாதே. பம்பை நிறுத்திட்டு மெல்ல இழுத்துப் பாரு. திறந்தா, அப்புறம் ஆர்டர் கீர்டர்னு எங்கிட்ட வராதே.”

விரல்கள் சக்கரத்தில் இருந்தன. ஒரு மூச்சு. இரண்டு மூச்சு. மாதக் கடைசி. மாமியாரின் குரல்.

பம்பை நிறுத்தினான். அண்ணனின் கால்களைக் கட்டிப்பிடித்து மெல்ல இழுத்தான்.

வந்தார். மொத்தமாக அவன் மேல் விழுந்தார். தோள் வரை கை வந்தது, சதை வரவில்லை. எலும்பு கழுவி வைத்ததுபோல் இருந்தது. முகம் மெழுகு. உதடு வெள்ளை. மார்பு மட்டும் ஏறி இறங்கியது. உயிர் இருக்கிறது என்று காதை வைத்தான்.

மூச்சு இல்லை. உள்ளே சலசலப்பு. மூட்டையில் தானியம் சரிகிற சத்தம்.

அண்ணனின் இமைகள் புடைத்தன. பிளந்தன. கண்கள் இருந்த குழிகளிலிருந்து மணிகள் வழிந்தன. வாயிலிருந்தும். அவன் சட்டைமேல். கைமேல்.

சக்கரம் மூன்றடி தள்ளி இருந்தது. எழ முயன்றான். கால் வழுக்கியது. அண்ணன் விழுந்தபோது தட்டி உடைந்த பீக்கரின் கண்ணாடிச் சில் முழங்கையில் கீறியது. சின்னக் கீறல்.

“ஹலோ. சத்தமே இல்லையே. எடுத்துட்டியா?”

“எடுத்துட்டேன் சார்.”

“பார்த்தியா? இதுக்குத்தான் நிதானம் வேணும்கிறது. ரெசினுக்கு ஒண்ணும் ஆகலையே? மீட்டர் என்ன சொல்லுது?”

அவன் தலையைத் திருப்பி மீட்டரைப் பார்த்தான். கீறலுக்குள் மணிகள் ஒன்றன் பின் ஒன்றாக, நெரிசல் இல்லாமல், முறை வைத்து நுழைந்துகொண்டிருந்தன. தோலுக்கடியில் அந்த வரிசை முழங்கையைத் தாண்டி, அக்குளைத் தாண்டி, இடது மார்பை நோக்கித் திரும்பியது.

“பூஜ்யம் சார்” என்றான்.