விரல் அல்ல

மழை பிடித்துக்கொண்ட அந்தப் பிற்பகலில் அவள் அலுவலகத் திரையில் வந்து விழுந்த அறிக்கை, அவள் வீட்டுக் கதவிலிருந்தே வந்திருந்தது. யாரோ தொட்டிருக்கிறார்கள். தொட்டதைப் பூட்டு ஏற்கவில்லை. காரணம் என்ற இடத்தில் இரண்டே சொற்கள்: விரல் அல்ல.

அவளுக்குப் பயம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. அலுவலகத்தில் அவளுக்கு மிளகாய் என்று பெயர் வைத்தவர்கள் சும்மா வைக்கவில்லை. ஊரில் மற்றவர்கள் ஆப் செய்து பேர் வாங்குவார்கள். அந்த ஆப்களுக்குள்ளே உட்கார்ந்து வேலை செய்யும் கருவியை அவள் எழுதுவாள். கண்ணாடியில் பட்டது விரலா, மழைத்துளியா, சட்டைக் கையா என்று பிரித்துச் சொல்வது அந்தக் கருவி. நன்றாக ஓடினால் யாரும் அவளை நினைப்பதில்லை. ஓடாவிட்டால் எல்லோர் வாயிலும் அவள்தான் விழுவாள்.

அந்தக் கருவியை வாங்கிப் பூட்டுக்குள் வைத்த ஒருவரிடம்தான் அவள் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரர் மொத்தக் குடியிருப்புக்கும் பூட்டு வாங்கியிருந்தார். யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாவியைப் பிடுங்கிக்கொண்டு, கதவின் வெளியே ஒன்றும் உள்ளே ஒன்றுமாக, எண்ணை அடித்தால் மட்டும் திறக்கும் கண்ணாடிப் பலகை பதித்துவிட்டுப் போனார். சோதித்துப் பார்க்க வசதியாக இருக்கட்டும் என்று அவள் தன் கதவின் அறிக்கைகளைத் தன் மேசைக்கே வரும்படி செய்திருந்தாள்.

அந்தக் கதவுக்கு உள்ளே, கூடத்து சோபாவில், காலில் மாவுக்கட்டுடன் தங்கை தனியாகப் படுத்திருந்தாள். அவளைப் போனில் கூப்பிட்டாள்.

"வாசல்ல யாராவது வந்தாங்களா?"

"இல்லையே. பெல் கூட அடிக்கல. ஏன்க்கா?"

"ஒண்ணுமில்ல. மழைத்தண்ணி பட்டிருக்கும்."

"வரும்போது வலி மாத்திரை மறக்காம வாங்கிட்டு வா."

போனை வைத்த பிறகுதான் உறைத்தது. கதவு இருப்பது மூன்றாம் மாடி நடைக்குள்ளே. அங்கே சாரல்கூட எட்டாது.

ஈரக் குடைகளின் வாடையும் ஆறிப்போன காப்பியின் வாடையும் கலந்து, ஏ.சி. ஒரே சுருதியில் முனகிக்கொண்டிருந்த அறையில், பட்ட தடத்தை அவள் பெரிதாக்கிப் பார்த்தாள். துளி என்றால் வட்டமாக இருக்கும். உள்ளங்கை என்றால் திட்டாக இருக்கும். இது நீளமாக இருந்தது. கண்ணாடியின் அடியிலிருந்து உச்சிவரை, மெல்லிசாக, ஒன்றையொன்று ஒட்டியபடி. ஒரு கைக்கு இருக்க வேண்டியதைவிட அதிகமான தடங்கள்.

"மிளகாய், பூட்டுக்காரர் லைன்ல இருக்கார். கொதிக்கிறார்," என்று டீம் லீட் போனை அவள் காதருகே நீட்டினார்.

"கையுறை போட்டவங்கெல்லாம் வாசல்லயே நிக்கிறாங்க, மேடம். உங்க டூல் விரலையே விரல் இல்லங்குது."

"சார், என் வீட்டுக் கதவுல ஏதோ வித்தியாசமா பட்டிருக்கு. அதை என்னன்னு பாத்துட்டு..."

"உங்க வீட்டுக் கதவ வச்சா நான் கம்பெனி நடத்துறேன்?"

லீட் போனை வாங்கி, "இன்னிக்கே திருத்தம் போயிடும் சார்," என்று வாக்குக் கொடுத்தார். செய்யப்போகிறவளை அவர் ஒரு பேச்சுக்குக்கூடக் கேட்கவில்லை.

அதற்குள் திரையில் அறிக்கைகள் வரிசை கட்டியிருந்தன. எல்லாம் அதே கதவு. விரல் அல்ல. விரல் அல்ல. விரல் அல்ல.

அவளுக்குக் கோபம் தலைக்கு ஏறியது. கையுறைக்கு ஏற்றபடி அளவை மட்டும் பார்த்துப் பார்த்துத் தளர்த்தியிருக்கலாம். அதற்குப் பொறுமை வேண்டும். விரல்தானே வேண்டும், எடுத்துக்கோ என்று பல்லைக் கடித்துக்கொண்டு, அந்தச் சோதனையையே மொத்தமாகத் தூக்கி எறிந்தாள். இனி எது பட்டாலும் விரல்தான். இன்னொருவர் படித்துப் பார்த்த பிறகே வெளியே விட வேண்டும் என்பது விதி. லீட் நடந்துகொண்டே தன் போனில் ஓகே தட்டினார். ஒரு வரிகூடப் படிக்கவில்லை.

புதிய பதிப்பு கிளம்பியது. இனி எந்தக் கதவை யார் தொட்டாலும், அந்த நொடியில் அது அங்கே இறங்கிவிடும்.

மறுப்பு அறிக்கைகள் நின்றன.

அந்த அமைதி அவளுக்குப் பிடிக்கவில்லை. முதலிலேயே செய்திருக்க வேண்டியதை அப்போதுதான் செய்தாள்: மறுக்கப்பட்ட தொடுகைகளை வரிசையாக ஓட்டிப் பார்த்தாள். ஒவ்வொரு நீளத் தடத்தின் நுனியும் ஓர் எண்ணின் மேல் போய் நின்றது. அடுத்தது. அடுத்தது. அது அவர்கள் வீட்டு எண். தங்கை தேர்ந்தெடுத்து, அவள் காதில் மட்டும் சொன்ன எண். ஒருமுறைகூடத் தப்பாக அடிக்கவில்லை. விரல் இல்லாத குறை ஒன்றுதான் அதற்கு இருந்தது.

அந்தக் குறையையும் அவளே தீர்த்துவைத்திருந்தாள்.

பழையபடி மாற்றி எழுதினாள். புதிதாகக் கட்டி முடிக்க நேரம் பிடிக்கும். எவ்வளவு முடிந்தது என்று காட்டும் பச்சைக் கோடு ஊர்ந்தது. லீட்டை, பூட்டுக்காரரை, வீட்டுச் சொந்தக்காரரை, எல்லோரையும்விடத் தன்னைச் சபித்தபடி போனை எடுத்தாள்.

"அக்கா, வந்துட்டியா? இப்பதான் கதவு திறந்த சத்தம் கேட்டுச்சு."

"நான் ஆபீஸ்ல இருக்கேன். எந்திரி. எப்படியாவது வெளிய போ."

"அப்ப இது யாரு..."

ஊன்றுகோல் தரையில் விழுந்தது. மாவுக்கட்டு தரையில் இடித்து இடித்து நகரும் சத்தம். அதற்குப் பின்னால் இன்னொன்று. காலடி இல்லை. ஈரத் துணியை இழுப்பதுபோல. அவசரமே இல்லாமல்.

திரையில் புதிய அறிக்கை. உள்பக்கப் பலகை. கதவு பூட்டப்பட்டது. ஏற்கப்பட்டது.

விரல்.

அவள் கத்தினாள். யாரோ ஓடி வந்தார்கள். தோளைப் பிடித்தார்கள். அவள் கண் திரையை விட்டு அகலவில்லை.

உள்பக்கக் கண்ணாடியில் ஐந்து சிறிய வட்டங்கள் விழுந்தன. மறைந்தன. மறுபடி விழுந்தன. தங்கையின் கை. எண்ணை அடிக்கவில்லை, அறைந்துகொண்டிருந்தது. பிறகு ஐந்தும் கீழே வழுக்கத் தொடங்கின.

மேலிருந்து நீளத் தடங்கள் இறங்கின. ஒவ்வொரு வட்டத்தின் மேலும் ஒன்று. மெதுவாக. மிச்சமிருந்தவை பக்கத்தில் விரிந்து படுத்தன.

வட்டங்கள் அணைந்தன.

நீளமானவை விலகவில்லை. கண்ணாடி முழுக்க அப்படியே அழுந்திக்கொண்டு நின்றன. அவள் எழுதிய கருவி அவற்றை ஒவ்வொன்றாக எண்ணி, சலிக்காமல் எழுதிக்கொண்டே போனது: விரல், விரல், விரல், விரல்.