இழுத்தால் நிற்கும்

க்ளிப் சுவிட்சில் மாட்டியிருக்கும்போது டெஸ்டர் கத்தக் கூடாது. கத்திக்கொண்டே இருந்தது. தாவீது முனைகளைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தான். அதே ஒற்றைக் குரல். படகு ஓட்டுகிறவனின் மணிக்கட்டில் கட்டிய சிவப்புக் கயிறு இழுபட்டு, க்ளிப் கழன்று விழுந்தால்தான் அந்தச் சத்தம் வரவேண்டும். ஆள் தண்ணீரில் விழுந்துவிட்டான், எஞ்சினை நிறுத்து என்பதுதான் அதற்கு அர்த்தம்.

சேரப்பணஞ்சேரியில் அவனுடைய பைக் ஷெட் அது. மத்தியானமே இருட்டிக்கொண்டு மழை; தகரக் கூரை இரைச்சலுக்கு நடுவே பெட்ரோல் வாசனை, அதையும் மீறிக்கொண்டு ஏரிச்சேற்றின் நாற்றம். படகு மோட்டாரைக் காலையில்தான் சோப்புப் போட்டுக் கழுவியிருந்தான்.

படகின் சொந்தக்காரர் நாகப்பன் போன் செய்தார். “ஒயர சேத்துட்டியா? நாளிக்கி விசாரணைக்கு வர்றாங்க. கயிறு கட்டாம ஓட்னான்னு சொல்லிட்டா, பழி செத்தவன் மேலயே பூடும்.”

“அவன் பொண்டாட்டி பூமாரிக்கு நஷ்டஈடு வராதேண்ணா.”

“அப்போ நீ உள்ள போறியா?”

தாவீது போனை அணைத்தான்.

போன மாதம் ஏரி நிரம்பி வந்த வெள்ளத்தில் சுவிட்சுக்குள் தண்ணீர் ஏறி, மோட்டார் நின்று நின்று போனது. அவசரத்துக்கு அவன்தான் சுவிட்சின் ஒயரை வெட்டிவிட்டான். ஆட்களை மீட்கப் படகு ஓட்ட வந்த மாரிராஜ், பூமாரியின் புருஷன், தூத்துக்குடிப் பக்கம். கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தான். கயிற்றைக் கட்டிக்கொண்டே கேட்டான்: “அண்ணே, இழுத்தா நிக்கும்லா?”

“நிக்கும், போ.”

மொட்டைமாடிகளில் ஜனம் கதறும்போது விளக்கிச் சொல்ல நேரம் ஏது? தினமும் இப்படித்தான் தன்னைத் தேற்றிக்கொள்கிறான், பாவி. மாரிராஜ் விழுந்தான். க்ளிப் கழன்றது. நிற்காத படகு வட்டமடித்து வந்து அவன் மேலேயே ஏறியது.

தாவீது ஒயரை முறுக்கி டேப் சுற்றினான். தண்ணீர் ட்ரம்மில் மாட்டியிருந்த மோட்டாரை இழுத்து ஸ்டார்ட் செய்தான். புதிதாக வாங்கிய கயிற்றை, ஓட்டுகிறவன் கட்டுவதுபோலவே மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு, வெடுக்கென்று இழுத்தான். க்ளிப் கழன்று ட்ரம்முக்குள் விழுந்தது.

எஞ்சின் நிற்கவில்லை.

பெட்ரோல் குழாயைப் பிடுங்கினான். ஓடியது. ப்ளக் ஒயரைப் பிடுங்கினான். ஓடியது.

கையை உயர்த்தினான். கயிறு வரவில்லை. எங்கோ சிக்கியிருக்கிறது. ட்ரம்முக்குள் எட்டிப் பார்த்தான்.

தண்ணீர் ஏரியின் நிறத்தில் இருந்தது. உள்ளே, சேறு அப்பிய விரல்கள். க்ளிப்பைப் பிடித்திருந்தன.

மெதுவாக ஒருமுறை இழுத்தன. எஞ்சின் நிற்கிறதா என்று பார்ப்பதுபோல் காத்திருந்தன.

மறுபடி இழுத்தன.

“மாரி,” என்றான் தாவீது. “நான்தான்டா வெட்னேன். சொல்லிடறேன். எல்லார்கிட்டயும் சொல்லிடறேன்.”

மறுபடி இழுத்தன.

அவன் கை முழங்கை வரை தண்ணீருக்குள் போயிருந்தது. விரல்நுனிக்குக் கீழே மோட்டாரின் விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.