மூன்றாவது கர்னல்

மவுஸிலிருந்து கையை எடுத்த பிறகும் திரையில் அம்புக்குறி நகர்ந்துகொண்டிருந்தது. நின்றது, ஒரு தாவு தாவியது, மறுபடி நின்றது. அவள் பயப்படவில்லை, எரிச்சல்தான் பட்டாள். இன்னும் கட்டாத கட்டடங்களுக்குள் நடந்து பார்ப்பது போன்ற படங்களை வீட்டிலிருந்தே செய்துகொடுப்பது அவள் தொழில். அந்தப் படங்களைக் கணினி கணக்குப் போட்டு வரைந்து தள்ளும் ரெண்டரிங் நேரத்தில் ஒரு மெயில்கூட அடிக்க முடியாது. அடித்த எழுத்து அதற்குத் தோன்றும்போது வரும், தோன்றாவிட்டால் வராது.

ஹாலில் மகள் ஸ்கிப்பிங் ஆடிக்கொண்டிருந்தாள். விடாத மழை, பள்ளிக்கும் விடுமுறை, வேறு போக்கிடம் இல்லை. ஜன்னல் தகரத்தில் சடசடவென்று அடிக்கும் மழைக்கு நடுவே, கயிறு தரையில் பட்டுத் தெறிக்கும் சட் என்ற ஒலியும், உடனே இரண்டு சின்னப் பாதங்கள் இறங்கும் தொப் என்ற ஒலியும், ஈரத்துணி வாசனை நிறைந்த அந்த மத்தியான வீட்டில் ஒரு கடிகாரம் மாதிரி கேட்டுக்கொண்டே இருந்தன.

“வாலு, கீழ்வீட்டுக்காரங்க சண்டைக்கு வரப்போறாங்க.”

“வரட்டும்மா, நான் பேசிக்கறேன்!”

பதில் கையோடு வந்தது. அப்பனின் வாய் அப்படியே இருக்கிறது என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே, அலுவலகத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் ஆளுக்குப் போன் போட்டாள். எல்லோருக்கும் அவன் மெக்கானிக்தான்.

“அக்கா, மெமரி நல்லாருக்கு, டிஸ்க்கும் நல்லாருக்கு. கர்னல் மேலதான் எனக்குச் சந்தேகம். ஆன் பண்றப்போ ஒரு மெனு வருமில்ல, அதுல எத்தனை கர்னல் இருக்கு?”

“மூணு.”

“ஒவ்வொண்ணா ஏத்திப் பாருங்க. அதே ரெண்டரிங், அதே பாரம். கர்னலத் தவிர வேற எதையும் மாத்தாதீங்க. மாத்திட்டா அப்புறம் எதனால என்ன ஆச்சுன்னே தெரியாது.”

கணினிக்குள் எல்லா வேலைகளையும் வரிசைப்படுத்தி நடத்தும் அந்தக் கர்னல் என்றால் என்னவென்று கல்யாணமான புதிதில் கணவன் சொல்லிக்கொடுத்திருந்தான். “கிளினிக்ல டோக்கன் கூப்பிடற ஆள் இருக்காரில்ல, அதான் கர்னல். டாக்டர் ஒருத்தர், கூட்டம் எக்கச்சக்கம். ஒருத்தர உள்ள விடணும்னா இன்னொருத்தர வெளிய உட்கார வெக்கணும். யாருமே காத்திருக்க வேண்டாம்னு ஒரு கர்னல யாராலயும் எழுத முடியாது.”

“நடுவுல கரன்ட் போச்சுன்னா?”

“கிளினிக்கையே பூட்டின மாதிரிதான். வெளிய காத்திட்டிருந்தவங்க கதை அதோட முடிஞ்சுது.”

அதற்காகத்தான் மேசைக்கடியில் யுபிஎஸ் வாங்கி வைத்தான். கரன்ட் போனால் அதன் பேட்டரியில் கணினி கொஞ்ச நேரம் ஓடும், பேட்டரி தீரத் தீர அது வேகவேகமாகக் கூவும். தியேட்டர் வாசலிலும் பஸ் நிறுத்தத்திலும் அவளைக் கால் கடுக்க நிற்கவைத்த அதே மனுஷன், கணினி மட்டும் அரை நொடி தாமதிக்கக் கூடாது என்று நாள்கணக்கில் உட்கார்ந்து சொந்தமாக ஒரு கர்னலைச் செதுக்கினான். அதை முடித்த அன்றுதான் போனான். போன மழைக்காலத்தில், இதே நாற்காலியில், மவுஸில் வைத்த கை வைத்தபடியே. மெனுவில் மூன்றாவதாக இருப்பது அது. அதைத் தொட அவளுக்கு இதுவரை மனம் வரவில்லை.

முதல் கர்னலில் அம்புக்குறி திணறியது. இரண்டாவது அதற்கு மேல் மோசம், ஓடவிட்ட பாட்டுகூட விக்கி விக்கிப் பாடியது. மூன்றாவதை ஏற்றினாள்.

அதே ரெண்டரிங், அதே பாரம். மின்விசிறி இரைந்தது, பெட்டியிலிருந்து சூடான காற்று முழங்காலில் வந்து மோதியது. ஆனால் திரையில் துளித் திணறல் இல்லை. அவள் நினைப்பதற்குள் கோப்புகள் திறந்தன, அடிப்பதற்குள் எழுத்துகள் விழுந்தன.

“கெட்டிக்காரன்டா நீ,” என்று வாய்விட்டுச் சொன்னாள். கண் கலங்கியது. துடைத்துக்கொள்ள மவுஸிலிருந்து கையை எடுத்தாள்.

அம்புக்குறி நகர்ந்தது.

இந்தமுறை தாவவில்லை. திரையின் ஓரமாகப் போய், நிதானமாக ஒரு சின்ன வட்டம் போட்டது. அப்புறம் இன்னொரு வட்டம். யோசிக்கும்போது அவன் இப்படித்தான் செய்வான். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் தலை சுற்றுகிறது என்று அவள் எத்தனையோ தடவை அவன் கையில் அடித்திருக்கிறாள்.

வட்டம் மங்கி, அறுந்து, நின்றுபோனது. ஹாலில் சட், தொப். சட், தொப்.

அவள் செய்யக் கூடாததைச் செய்தாள். மெக்கானிக் சொன்னது நன்றாக நினைவிருந்தும், ஓடிக்கொண்டிருந்த ரெண்டரிங்கோடு இன்னொரு கட்டடத்தையும் ஏற்றிவிட்டாள். பாரம் கூடியதும் அம்புக்குறி மறுபடி உயிர்பெற்றது. வட்டங்கள் சீராக, முழுசாக வந்தன. ஒரு வருஷமாகப் பார்க்காத முகத்தைப் பார்த்துவிட்டதைப் போல அவள் திரைக்கு அருகே குனிந்தாள்.

“நீயா?”

வட்டம் நின்றது. மேலும் கீழும் அசைந்தது, தலையாட்டுவது மாதிரி.

ஹாலில் கயிற்றின் சத்தம் மெதுவாகியிருந்தது. சட். ஒரு மூச்சு விடும் நேரம் கழித்துத் தொப். குழந்தை களைத்துவிட்டாள் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அதை அவள் நம்பவில்லை என்பதும் அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

“வாலு, தண்ணி குடிச்சியா?”

பதில் இல்லை. பக்கத்தில் எங்கோ கிராம்பு வாசனை. அவன் ஓயாமல் மெல்லும் கிராம்பு. பிடரியில் ஒரு மூச்சுக்காற்று பட்டது. இன்னும் கொஞ்சம், ஒரே ஒரு தடவை குரலைக் கேட்டால் போதும் என்று அவள் மூன்றாவது கட்டடத்தையும் ஏற்றினாள்.

நாற்காலிக்குப் பின்னால் யாரோ தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது.

அப்போதுதான் ஹாலிலிருந்து, எப்போதோ கேட்ட கேள்விக்குப் பதில் வந்தது. “குடிச்சிட்டேன்மா.” குரல் கொழகொழவென்று நீண்டு, அடித்தொண்டையில் இழுபட்டு வந்தது.

சட்.

தொப் வரவில்லை.

காத்திருந்தாள். மழை பெய்தது, மின்விசிறி இரைந்தது. தொப் வரவில்லை.

திரும்பிப் பார்த்தாள். பின்னால் யாரும் இல்லை. திறந்திருந்த கதவு வழியாக ஹால் தெரிந்தது. மகள் அந்தரத்தில் இருந்தாள். பாதங்களுக்கும் தரைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. தலைக்கு மேலே கயிறு வளைந்து அப்படியே நின்றது. பின்னல் துள்ளி எழும்பிய இடத்திலேயே நின்றது. கண்கள் மட்டும் அம்மாவைப் பார்த்தன. வாய் லேசாகத் திறந்திருந்தது.

“அம்...”

மீதி வரவில்லை.

ஒருத்தரை உள்ளே விடவேண்டுமென்றால் இன்னொருவர் வெளியே உட்காரவேண்டும்.

அலறிக்கொண்டு மவுஸைப் பிடித்தாள். நிறுத்து என்ற பொத்தானுக்கு அம்பை இழுத்தாள். அம்பு வழுக்கி வேறு பக்கம் போனது. மறுபடி இழுத்தாள். மறுபடி போனது. கீபோர்டில் தெரிந்ததையெல்லாம் அழுத்தினாள். பலனில்லை.

“விடு. குழந்தைடா. நம்ம குழந்தை.”

மேசைக்கடியில் குனிந்து, யுபிஎஸ்ஸில் செருகியிருந்த கணினியின் பிளக்கைப் பிடித்தாள். பிடுங்கப் போனவள் அப்படியே உறைந்தாள். காத்திட்டிருந்தவங்க கதை அதோட முடிஞ்சுது. பிளக்கை விட்டுவிட்டாள். தவழ்ந்து வெளியே வந்து மறுபடி மவுஸைப் பிடித்தாள்.

அவள் கைமேல் ஒரு கை வந்து அமர்ந்தது.

கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் சூடு இருந்தது. கனம் இருந்தது. கட்டைவிரலில் அந்தப் பழைய தழும்பின் சொரசொரப்புகூட இருந்தது. அது அவள் கையைப் பொத்தானிலிருந்து மெல்ல விலக்கிக் கொண்டுபோனது. பிரியமாகத்தான். காதோரம் கிராம்பு மணத்தது.

“எவ்ளோ நேரமா காத்திருக்கேன் தெரியுமா,” என்றது குரல்.

டப் என்று விளக்கு அணைந்தது. தெரு முழுக்கக் கரன்ட் போய்விட்டது.

மேசைக்கடியில் யுபிஎஸ் கூவத் தொடங்கியது. பீப். சற்று இடைவெளி. பீப்.

திரையின் நீல வெளிச்சம் மட்டும் ஹால்வரை நீண்டு மகளின் முகத்தில் விழுந்தது. பாதங்கள் தரையைத் தொடவில்லை. கண்ணோரத்தில் ஒரு துளி திரண்டு, உருளாமல் நின்றது. உதடுகள் ‘மா’வுக்காக மூடியிருந்தன. அம்மாவின் கைமேல் இருந்த கை, சாவகாசமாக, வட்டம் போட ஆரம்பித்தது.

பீப். பீப். பீப்.