முதல் பதினெட்டு மீட்டர்

காலை 10.12. பச்சை விளக்கு எரிந்தது. டிரக் கத்தியது, புகைந்தது, நின்ற இடத்திலேயே வாலை ஆட்டியது. முன்னால் போகத்தான் மறந்துவிட்டது.

ஒரு வழியாக அது நானூறு மீட்டரைக் கடந்து எல்லைக்கோட்டைத் தொட்டபோது நேரப் பலகையில் 13.61 விழுந்தது. பந்தய லைசன்ஸுக்குப் பதின்மூன்று விநாடிக்குள் வர வேண்டும். மூன்று வாய்ப்பில் இரண்டு போயிற்று. மிச்சம் ஒன்று, பன்னிரண்டு மணிக்கு.

ஓட்டியவள் பள்ளிப் பேருந்து ஓட்டுநர். ஆறு வருடமாக நாற்பது பிள்ளைகளைக் குலுங்காமல் கொண்டுபோய்ச் சேர்ப்பவள். இந்த டர்போ பிக்கப் டிரக்கை நேர்கோட்டில் விரட்டுவதற்கு நாலு மாதமாகப் படாதபாடு பட்டுக் கற்றுக்கொண்டிருந்தாள். டிரக் அப்பாவுடையது. அவர் எல்லோர் முன்னாலும் வைத்த நிபந்தனை சுருக்கமானது: இன்று லைசன்ஸ் கிடைத்தால் இந்தப் பருவம் முழுக்க வண்டி அவளுக்கு, இல்லையென்றால் அண்ணனுக்கு.

அவள் இறங்கிய வேகத்தில் ஹெல்மெட் சீட்டில் மோதி உருண்டது.

"யாரோ டயர மாத்திட்டாங்க மாஸ்டர்! புதன்கிழமை பயிற்சில இதே வண்டி, இதே காலு, 12.64 வந்துச்சு. இன்னிக்கு மட்டும் என்ன கேடு?"

மாஸ்டர் என்று எல்லோரும் கூப்பிடும் மெக்கானிக் ஏற்கெனவே முட்டி போட்டிருந்தார். பின்சக்கரங்களில் இருந்தவை மொட்டை டயர்கள். தேய்ந்து மொட்டையானவை அல்ல, பள்ளமே வெட்டாமல் வார்க்கப்பட்டவை. சூடேறினால் தரையைக் கவ்விக்கொள்ளும். கவ்வ வேண்டியவை இன்று வழுக்கின.

"அதே டயர்தான்மா. நான் போட்ட பெயிண்ட் கோடு அப்படியே இருக்கு. காத்தும் சரியா இருக்கு, ரப்பரும் கெட்டிப்படல." அவர் குரலில் எரிச்சல் இருந்தது. "மொத ஓட்டத்துல வழுக்குச்சேன்னு ரெண்டாவதுக்கு நல்லா சூடு பண்ணச் சொன்னேன். அப்பவும் வழுக்குனா நான் எங்க போய் முட்டிக்கிறது?"

எல்லோர் கண்ணும் அண்ணன் பக்கம் போயிற்று. அவன் கம்பித் தடுப்பில் சாய்ந்து சூயிங்கம் மென்றுகொண்டிருந்தான்.

"என்னை எதுக்குப் பாக்குறீங்க? அவளுக்கு ஓட்டத் தெரியல. அவ்வளவுதான்."

"வண்டி வீட்டு ஷெட்லதானே நின்னுச்சு?" என்றாள் தங்கை.

"ஆமா. நான் மட்டுமா அந்த வீட்டுல இருக்கேன்?"

இதையெல்லாம் மேலிருந்து ஒருத்தி பார்த்துக்கொண்டிருந்தாள். நேரக் கோபுரத்தின் சின்ன ஜன்னலில் உட்கார்ந்து ஒவ்வொரு ஓட்டத்துக்கும் சீட்டு கிழித்துக் கொடுப்பவள். டவர் அக்கா என்றால்தான் தெரியும். அவளுக்கு இந்த உலகத்தின் மேல் ஒரே ஒரு குறை. சீட்டில் ஐந்து வரி அச்சாகிறது. ஜனங்கள் மொத்த நேரத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கசக்கி எறிகிறார்கள். பதினொரு வருடமாக இதைப் பார்த்துப் பார்த்து அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

காலையில் ஒரே ஒருவர் விதிவிலக்கு. 9.20க்கு முதல் ஓட்டம் முடிந்ததும் அப்பா ஜன்னலுக்கு வந்தார். முப்பது வருடம் சரக்கு லாரி ஓட்டி ஓய்ந்தவர். "கடைசில என்ன வேகம்மா காட்டுது?" என்று கேட்டார். மணிக்கு 184 கிலோமீட்டர் என்றதும் தலையாட்டிவிட்டு, சீட்டைக்கூட வாங்காமல் போய்விட்டார்.

10.31. ஓடுதளத்தைக் கழுவ இடைவேளை விட்டார்கள். டவர் அக்கா மூன்று சீட்டுகளோடு கீழே இறங்கி வந்தாள்.

"கிளம்பறப்ப டர்போ மீட்டர் முள்ளு எங்க நின்னுச்சு?" என்று ஓட்டியவளைக் கேட்டாள்.

"முள்ளப் பாத்துட்டிருந்தா ரோட்ட யாருக்கா பாக்குறது?"

"மாஸ்டர், காலைல எஞ்சின் மூடியத் திறந்தீங்களா?"

"எதுக்கு? வழுக்குறது டயரு. டயரத்தான் பாத்தேன்."

"தம்பி, நீ?"

"திறந்தா மட்டும் எனக்கு என்ன புரியும்?" என்றான் அண்ணன். "எனக்கு ஓட்டத்தான் தெரியும். பழுது பாக்கத் தெரியாது. மாஸ்டரக் கேளுங்க, ஆயில் ஊத்துற இடங்கூட எனக்குத் தெரியாது."

மாஸ்டர் வெறுப்போடு ஆமோதித்தார்.

அக்கா சீட்டுகளை டிரக்கின் பக்கவாட்டில் வரிசையாக வைத்து உள்ளங்கையால் அழுத்திக்கொண்டாள்.

"கொஞ்சம் பொறுமையா முழுசாப் படிங்க. இது புதன்கிழமை. முதல் பதினெட்டு மீட்டர் 1.8 விநாடி, கடைசி வேகம் 172. இது இன்னிக்கு மொத ஓட்டம். பதினெட்டு மீட்டருக்கு 2.4 விநாடி. ஆமை. ஆனா கடைசி வேகம் 184. ரெண்டாவதுல 185. டயரு கெட்டிருந்தா கடைசி வேகமும் கொறஞ்சிருக்கணும், இங்க கூடியிருக்கு."

மாஸ்டர் சீட்டைப் பிடுங்கிக்கொண்டார். அவர் முகம் மாறியது. அடுத்த நொடியே போய் எஞ்சின் மூடியைத் தூக்கினார்.

டர்போ தள்ளும் காற்று அளவை மீறினால் வெளியே விட ஒரு சின்னக் கதவு உண்டு. அதை மூடிப் பிடிக்கும் கம்பியின் நுனியில் ஒரு நட்டு; முறுக்கினால் கதவு சீக்கிரம் திறக்காது. கம்பி முழுக்கப் புழுதி படிந்திருந்தது. நட்டுக்குப் பக்கத்தில் மட்டும் மூன்று மரை புதுசாக மின்னியது.

"எவனோ முறுக்கி காத்தக் கூட்டியிருக்கான். நட்டோட மூலையெல்லாம் மழுங்கிக் கெடக்கு, ஸ்க்ரூ ஸ்பானர் வேல. நான் அந்தக் கருமத்த கையால தொட மாட்டேன்." அவர் தன் தலையில் தானே அடித்துக்கொண்டார். "ரெண்டு ஓட்டமும் டயரையே கட்டிக்கிட்டு அழுதிருக்கேனே!"

"கெடுக்க நெனச்சவன் எதையாவது கழட்டியிருப்பான்," என்றாள் அக்கா. "இங்க எதுவும் கழட்டல. கூடக் கொடுத்திருக்காங்க. அப்படின்னா இவ ஜெயிக்கணும்னு ஆசப்பட்ட ஆளு. டர்போவுல கை வைக்கத் தெரிஞ்ச ஆளு. ஆனா மொட்டை டயரு எவ்வளவு தாங்கும்னு தெரியாத ஆளு. மாஸ்டருக்கு அது தெரியும். தம்பிக்கு டர்போவே தெரியாது. காலைலேருந்து இருபது பேரு ஜன்னலுக்கு வந்தாங்க, எல்லாரும் நேரத்தக் கேட்டாங்க. ஒருத்தர் மட்டும் வேகத்தக் கேட்டாரு. வேகம் கூடியிருக்கணும்னு அவருக்கு மட்டுந்தான் தெரியும்."

அவள் திரும்பினாள். "இல்லையா சார்?"

அப்பா சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டே நின்றார்.

"மேடு ஏறறப்ப காத்தக் கூட்டிவிட்டா லாரி இழுத்துடும்," என்றார் கடைசியில். "நேத்து சாயங்காலம் மூணே சுத்து. அவ்வளவுதான்."

"உங்க லாரிக்குப் பின்னால பத்து டன்னு உக்காந்திருக்கும் சார். டயரு அசையாது. இதுக்குப் பின்னால ஒண்ணுமே இல்ல. அதிகமா தள்ளுனா சும்மா சுத்தும்."

"மொத தடவ இவ பதட்டத்துல விட்டுட்டான்னு நெனச்சேன். ரெண்டாவது தடவ... சொல்ல வாய் வரல."

மகள் அக்காவிடம் திரும்பினாள். "இந்த ரெண்டு ஓட்டத்தையும் ரத்து பண்ண முடியாதாக்கா?"

"வெளியாள் செஞ்சிருந்தா முடியும். வண்டிச் சொந்தக்காரரே முறுக்கினா ஒண்ணும் பண்ண முடியாதும்மா."

மகளுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. அண்ணனாக இருந்திருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு வேலையைப் பார்த்திருப்பாள். இது அப்படித் தீராது.

"நாலு மாசம்ப்பா. கையெல்லாம் கொப்புளம். எத்தன தடவ சறுக்கி, எத்தன தடவ திட்டு வாங்கி... புதன்கிழமை 12.64 வந்தப்ப நீங்களும் கை தட்டுனீங்க. அப்புறமும் எனக்கு வராதுன்னு நெனச்சுத்தானே முறுக்குனீங்க?"

மாஸ்டர் மூன்று சுற்றையும் பின்னால் திருப்பித் தளர்த்தினார். அண்ணன் மெல்லுவதை நிறுத்தியிருந்தான்.

12.04. டயர் சூடேறியது. மஞ்சள், மஞ்சள், மஞ்சள், பச்சை. இம்முறை டிரக் புகையவில்லை. மூக்கைத் தூக்கிக்கொண்டு நேராகப் போயிற்று. பலகையில் 12.71.

மாஸ்டர் தொப்பியைக் கழற்றி வானத்தில் வீசினார். அண்ணன் முணுமுணுத்துக்கொண்டே கை தட்டினான். அக்கா சீட்டைக் கிழித்து மகளிடம் நீட்டினாள். மகள் அங்கேயே நின்று ஐந்து வரியையும் படித்தாள்.

அப்பா கொஞ்சம் தள்ளி நின்றார். பக்கத்தில் வரலாமா கூடாதா என்று அவருக்கே தெரியவில்லை. மகள்தான் போனாள்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை பந்தயத்துக்கு நீங்க வர வேணாம்ப்பா," என்றாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அதுக்கு அடுத்த வாரம் வாங்க."